நாலாவது குரல்

ஓசூர்
20-1-1958

தங்கை சரோஜாவுக்கு அண்ணன் நாராயணப்பன் எழுதுவது. நானும் உன் அண்ணி மங்கம்மாவும் சுகம். என் மானத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீயும் மாப்பிள்ளை பெருமாளும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். சங்கராந்திக்கு மறுநாள் நான் பெங்களூர் வந்தேன். ஆமாம், நானேதான். பஸ் ஏஜெண்டாகத் தினமும் "அத்திப்பள்ளி, சந்தாபுரம், பெங்களூரேய்!" என்று கத்தி ஊரையெல்லாம் ஏற்றிவிடுகிற நான், நீ அங்கே குடிபோன ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த பஸ்ஸில் ஏறினேன். உனக்குச் சீராக ஒரு கட்டுக் கரும்பும் ஒரு பை அவரைக்காயும் கொண்டு வந்தேன்.

கலாசிப்பாளையத்தில் இறங்கினதுமே புஷ்கோட்டுப் போட்ட ஒரு மனுஷர் ஓடி வந்தார். "பெரியவரே, முதுகெல்லாம் காக்கா எச்சம்" என்றார். எவ்வளவு நல்லவர்! குழாயடிக்கு அழைத்துப்போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, மேல்துண்டையும் வாங்கிக்கொண்டு, "இதோ அலசித் தர்றேன்" என்று போனார். இன்னும் அலசிக்கொண்டிருக்கிறார்.

கரும்புக் கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெறும் மேலோடு நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மன்மதன் என்று நினைத்திருக்கலாம். கிட்டே வந்து தொப்பையைப் பார்த்தவர்கள் நினைப்பை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கோலத்தில் உன் தெருவுக்கு எப்படி வருவேன்? அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கண்டக்டர் மாரிசாமி எனக்கு முன்னால் செய்தியை வீட்டில் சேர்த்துவிட்டான். "ஊரையே ஏத்தி அனுப்பற ஆளு, சட்டையையும் சேர்த்து அனுப்பிட்டாரு" என்கிறாள் உன் அண்ணி.

போகட்டும். உங்கள் பக்கத்துத் திருட்டுகளை எழுது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனங்களுக்குச் சொல்ல என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. என் சட்டைக் கதையை மட்டும் என்னால் சொல்ல முடியாது.

ஆசீர்வாதங்களுடன்,
நாராயணப்பன்

*

பெங்களூர்
2-2-1958

அண்ணாவுக்கு சரோஜா நமஸ்காரம். இருவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கரும்போடு வந்து திரும்பிப் போனாயே! நீ சட்டையில்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லையா அண்ணா? கதவைத் திறக்காமலா இருந்திருப்பேன்?

திருட்டு கேட்டிருக்கிறாய். நாங்கள் வந்த புதிதில் திருடன் அமாவாசைக்குக் காத்திருந்து சுவரில் கன்னம் வைப்பான். பாத்திரத்தோடு போய்விடுவான். பிறகு ரேஷன் காலம் வந்தது. நகையை விட்டுவிட்டு அரிசிப் பானையைத் தூக்கினார்கள். அதற்கப்புறம் சைக்கிள், சைக்கிளில் இருக்கிற விளக்கு, குழாயின் பித்தளைத் திருகு. போன வருஷம் வரைக்கும் "கரண்டு மீட்டர் பார்க்கணும்" என்று ஸ்லாக் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நாங்களே நாற்காலி போட்டோம்.

இப்போது வருகிறவன் உச்சிவேளையில் வருகிறான். ஃபாக்டரி சங்கு ஊதி, ஆண்களெல்லாம் இரண்டாம் ஷிப்டுக்குப் போன பிறகு தெருவில் ஒரு காக்கை கூட இருக்காது. அப்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், நமக்கு வேண்டிய யாரோ. பக்கத்து வீட்டு நாராயணம்மாவுக்குப் பட்டாளத்தில் இருக்கிற மகன் குரலில், "அம்மா, தலுப்பு தீயம்மா" என்று, கதவைத் திறக்கச் சொல்லித் தெலுங்கில் கேட்டது. எதிர்வீட்டுக் கன்னடக்காரிக்குக் கன்னடத்தில். இவர்கள் முன்கதவைத் திறந்து ஆளைத் தேடுகிறபோது இன்னொருவன் பின்கதவு வழியாக வந்து கிடைத்ததை எடுத்துக்கொள்கிறான். நாராயணம்மாவுக்கு வெந்நீர் அண்டா போய்விட்டது. அண்டா போனதற்கு அவள் அழவில்லை. "மகன் வரலியே" என்றுதான் அழுதாள்.

நம் அம்மா சொல்வாளே, "பேய் பிசாசு மூணு தடவை கூப்பிடாது, மூணாவது குரலுக்கு அப்புறம்தான் திறக்கணும்" என்று. நான் இன்றும் அப்படித்தான். ஆனால் இவன் மூன்று தடவையும் கூப்பிடுகிறானாம்.

அவர் சங்குக்குப் போனால் ராத்திரிதான் வருவார். மத்தியானம் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

உன் தங்கை,
சரோஜா

*

ஓசூர்
9-2-1958

சரோஜாவுக்கு ஆசீர்வாதம். அண்ணியின் முழங்கால் அப்படியேதான். வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

உன் கடிதம் இங்கே சக்கைப்போடு போட்டது! தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸையே விட்டுவிட்டுக் கேட்டார்கள். நான் ஒரு தத்துவமும் சேர்த்துக்கொண்டேன்: "அந்தக் காலத்துக் கள்ளன் பஞ்சாங்கம் பார்த்தான், இந்தக் காலத்துக் கள்ளனுக்கு ஃபாக்டரிச் சங்குதான் பஞ்சாங்கம். அவனுக்கும் ஷிப்டு வந்திடுச்சுப்பா!" நல்ல சிரிப்பு. நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டுகிற சின்னராஜ் என்று ஒருவன் வாரம் இரண்டு தடவை இந்த வழியாகப் போவான். அவன், "ஏஜெண்டு அண்ணே, உங்க தங்கச்சிய நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரோசீ..." என்று இழுத்துக் காட்டினேன். அவன் உடனே அதே மாதிரி இழுத்தானே பார்க்கணும்! நான் வாயைத் திறக்காமலே என் குரல் வெளியே வந்த மாதிரி இருந்தது. டீக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

உனக்கு ஒரு யோசனை. கள்ளன் மூன்றுக்குப் பழகிவிட்டான் அல்லவா? இனி நம் வீட்டு வழக்கம் நாலு. நான் வந்தால் நாலு தடவை கூப்பிடுவேன். நாலாவது குரலுக்குத் திற. இந்த யோசனைக்கும் இங்கே நல்ல கைதட்டல்.

சிவராத்திரி கழிந்ததும் வருகிறேன். இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வருவேன்.

நாராயணப்பன்

*

பெங்களூர்
30-3-1958

அண்ணாவுக்கு நமஸ்காரம். நலம். சிவராத்திரி போய் யுகாதியும் போய்விட்டது. உன்னிடமிருந்து கடிதமும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். புதன்கிழமை நீ வந்தாயா?

சங்கு ஊதி அவர் போன பிறகு, மோரில் உப்புப் போட்டு டம்ளரில் ஊற்றி மூடி வைத்துவிட்டு முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் கனைப்புச் சத்தம் கேட்டது. "சரோசீ" என்று நீ கூப்பிட்டாய். நான் அசையவில்லை. மறுபடி, மறுபடி. மூன்று ஆனதும் நின்றுவிட்டது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக, கதவில் வாயை வைத்துக் கூப்பிட்ட மாதிரி, நாலாவது குரல்.

திறந்தேன். வெயில்தான் நின்றது.

ஓடி வந்து பார்த்தேன். பின்கதவு திறந்திருந்தது. ஒரு சாமான் போகவில்லை. மோர் டம்ளர் மட்டும் காலி. கழுவி, வாய் கீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது. நீ செய்கிற மாதிரியே.

அண்ணா, அன்றைக்குப் போல வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டாயா? எழுது. அண்ணியிடம் சொல்ல மாட்டேன். அவரிடமும் இன்னும் சொல்லவில்லை.

சரோஜா

*

ஓசூர்
3-4-1958

சரோஜாவுக்கு. இங்கே சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதுகிறேன்.

நான் வரவில்லையம்மா. புதன்கிழமை நாள் முழுக்க இங்கே கத்திக்கொண்டிருந்தேன், மாரிசாமியைக் கேட்டால் சொல்வான். என் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று உன் அண்ணி நம்புகிறாள். நான் நம்பவில்லை.

சிரிக்க வைக்கத்தான் எழுதினேன், எனக்கே சிரிப்பு வரவில்லை. நாலாவது குரல் என்று நான் உனக்கு மட்டுமா சொன்னேன்? பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொன்னேன். மாப்பிள்ளையின் ஷிப்டு, உன் வீட்டு அடையாளம், கனைப்பு, இழுப்பு, எல்லாவற்றையும் கடைபரப்பிவிட்டேன். டம்ளரைக் கவிழ்த்து வைப்பதை டீக்கடையில் எல்லோரும் பார்க்கிறார்கள். கன்னம் வைக்கிறவனுக்குக் கன்னக்கோல் வேண்டும். உன் வீட்டுக்கு வந்தவனுக்கு உன் அண்ணன் வாயே போதுமாக இருந்திருக்கிறது.

மூன்றும் வேண்டாம், நாலும் வேண்டாம். மத்தியானத்தில் யார் கூப்பிட்டாலும் திறக்காதே. நானே கூப்பிட்டாலும் திறக்காதே. மாப்பிள்ளையிடம் இன்றே சொல்.

அண்ணன்

*

பெங்களூர்
11-5-1958

மச்சான் அவர்களுக்குப் பெருமாள் வணக்கம். சௌக்கியம். இங்கே வெயில் அதிகம்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் வயசானவர். "என்ன போச்சு?" என்றார். ஒன்றும் போகவில்லை, மோர் போயிற்று என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பத்து வருஷத்துக்கு முன்னாடி திருடன் பூட்டை உடைச்சான். லத்தி எடுத்தா ஓடினான். இப்ப வர்றவனுக்கு வீட்டுக்காரங்களே திறந்து விடறாங்க. ஊரு பெருசாச்சு, யாரையும் யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச குரல் ஒண்ணு கேட்டா மனசு ஓடுது. அதைத்தான் அவன் பிடிச்சிக்கிட்டான்" என்றார்.

மச்சான், பூட்டு மாற்றிவிட்டேன். பின்கதவுக்கு இரும்புப் பட்டை அடித்துவிட்டேன். அதெல்லாம் எனக்குக் கவலை இல்லை. போன வாரம் உடம்பு முடியாமல் ஷிப்டின் நடுவில் வீட்டுக்கு வந்தேன். சரோஜா கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை எதுவும் இல்லை. மோர் டம்ளர் மூடி வைத்திருந்தது. வழக்கமாக அவள் மோர் குடிக்க மாட்டாள். "யாருக்கு இது?" என்று கேட்டேன். "வெயில்ல யாராவது வருவாங்க" என்றாள்.

அவள் பயந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அவள் பயப்படவில்லை.

ஒரு தடவை நேரில் வந்து போங்கள்.

பெருமாள்

*

ஓசூர்
13-7-1958

தங்கை சரோஜாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குக் காரணம் கேட்காதீர்கள். பஸ் ரிப்பேர் என்று சொல்லலாம், நான் ரிப்பேர் என்றும் சொல்லலாம்.

நல்ல செய்தி! சின்னராஜ் அகப்பட்டுவிட்டான். உங்கள் ஸ்டேஷனில்தான், எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாரிசாமிதான் செய்தி கொண்டுவந்தான். நாடகம் படுத்த பிறகு கூட்டாளி ஒருவனோடு சேர்ந்துகொண்டானாம். பஸ் ஸ்டாண்டுகளில் நின்று யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. நாராயணம்மாவின் அண்டாவும் கிடைத்துவிட்டதாம். ஸ்டேஷனில் எல்லாக் குரலையும் செய்து காட்டச் சொன்னார்களாம். கடைசியில் என்னைச் செய்தபோது, அடையாளம் சொல்லப் போயிருந்த மாரிசாமி தன்னையறியாமல் "ரைட், போலாம்" என்று சொல்லிவிட்டானாம்.

ஆக, பேயுமில்லை பிசாசுமில்லை, பபூன். உன் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றும் எடுக்கவில்லை என்று நீ கேட்கலாம். உள்ளே வந்தவன் உப்புப் போட்ட மோரைக் குடித்துவிட்டான் அல்லவா? உப்புத் தின்ற வீட்டில் கை வைக்கக் கூடாது என்கிற நியாயம் கள்ளனுக்கும் உண்டு. எனக்குத்தான் இல்லை, உன் கையால் எவ்வளவோ சாப்பிட்டுவிட்டு உன்னையே பஸ் ஸ்டாண்டில் கடைவிரித்தேன்.

இனி மத்தியானம் நிம்மதியாகத் தூங்கு. ஆடி போகட்டும், நிச்சயம் வருகிறேன்.

நாராயணப்பன்

*

பெங்களூர்
24-8-1958

அண்ணாவுக்கு சரோஜா நமஸ்காரம். பதில் தாமதம், பொறுத்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆடியும் போய்விட்டது.

நீ எழுதினது எல்லாம் சரி. சின்னராஜை ஸ்டேஷனில் நானும் பார்த்தேன். பாவம், ஒல்லியாக இருந்தான். "அக்கா, உங்க வீட்டு முன்கதவுல கூப்பிட்டது நான்தான்" என்று காலில் விழுந்தான். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது அவன் ஜெயிலில் இருக்கிறான்.

வியாழக்கிழமையிலிருந்து மறுபடி கேட்கிறது.

இப்போது "சரோசீ" இல்லை. கனைப்பும் இல்லை. "தும்பி" என்று கூப்பிடுகிறது.

உனக்கு நினைவிருக்கும். எனக்கு நாலு வயதில் அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி, என்னை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அம்மை இருக்கிற வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நீ பின்பக்கம் வந்து, கதவில் வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல், "தும்பி" என்று நீயாக ஒரு பேர் வைத்துக் கூப்பிடுவாய். நான் உள்ளேயிருந்து நகத்தால் கதவைச் சுரண்டுவேன். உயிரோடு இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடும், நீ போய்விடுவாய். தண்ணீர் ஊற்றி என்னை வெளியே கொண்டுவந்த நாளோடு அந்தப் பேர் போய்விட்டது. அப்புறம் நீ கூப்பிட்டதே இல்லை.

அதே மாதிரி பின்கதவில்தான் கேட்கிறது. மெதுவாக. மூன்றோடு நிற்கிறது. நாலாவது வரவில்லை. காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

நேற்று நான் நகத்தால் சுரண்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பேரையும் நீ பஸ் ஸ்டாண்டில் சொன்னாயா? சொல்லியிருந்தால் சின்னராஜின் கூட்டாளி எவனோதான் இது. நான் இரும்புப் பட்டையைப் போட்டுவிட்டு, முன்கட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன். திட்ட மாட்டேன். நீ சொல்லவில்லை என்றால், அண்ணா, எனக்கு வேறு வழி இல்லை. அந்தப் பேர் தெரிந்து வருகிறவர் யாராயிருந்தாலும் நான் திறந்துதான் ஆகவேண்டும்.

உடனே எழுது.

உன் தங்கை

*

ஓசூர்
27-8-1958

சரோஜாவுக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் இன்று காலை வந்தது, பஸ்ஸைக் கூட ஏற்றிவிடாமல் இதை எழுதுகிறேன்.

சொன்னேனம்மா. சொல்லாமல் இருப்பேனா? என் வாயைப் பற்றித் தெரிந்தும் கேட்கிறாயே! உகாதிக்கு முன்னால், டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று சொன்னேன். அம்மை, வேப்பிலை, பின்கதவு, நீ நகத்தால் சுரண்டினது, ஒன்று விடவில்லை. தொரப்பள்ளியிலிருந்து வந்த ஒரு கிழவி அழுதுகூட விட்டாள். சின்னராஜ் கையில் டீயோடு கேட்டுக்கொண்டிருந்தான், பக்கத்தில் கூட்டாளியும் இருந்தான். "தும்பி, தும்பி" என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். கூட்டமே சிரித்தது. நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

ஆகவே அது கள்ளன், வெறும் கள்ளன். திறக்காதே. சுரண்டாதே. இரும்புப் பட்டையைப் போடு, மத்தியானத்தில் நாராயணம்மா வீட்டுக்குப் போய்விடு. உன் அண்ணன் வாய் ஓட்டை என்று தெருவெல்லாம் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். சத்தியமாக.

அண்ணன் நாராயணப்பன்

*

ஓசூர்
27-8-1958

மாப்பிள்ளை பெருமாளுக்கு ஆசீர்வாதம். சரோஜா கையில் படக் கூடாது என்பதற்காக ஃபாக்டரி விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நான் வருகிற வரைக்கும் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருங்கள். சங்கு ஊதினால் ஊதட்டும். பின்கதவுப் பக்கம் அவளைத் தனியாக விடாதீர்கள். வெள்ளிக்கிழமை கலாசிப்பாளையத்துக்கு வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். சட்டை போனாலும் பரவாயில்லை, இந்தத் தடவை திரும்ப மாட்டேன். ஒன்று மட்டும், வாசலில் நின்று நான் அவளைக் கூப்பிட மாட்டேன். நீங்கள்தான் கூப்பிடவேண்டும்.

"தும்பி" என்கிற பேரை பஸ் ஸ்டாண்டில் சொன்னதாக அவளுக்கு எழுதியிருக்கிறேன். கேட்டால் நீங்களும் ஆமாம் என்று சொல்லுங்கள். டீக்கடை, பெஞ்சு, தொரப்பள்ளிக் கிழவி எல்லாம் நான் கட்டினது. அந்தப் பேரை நான் சின்னராஜிடம் சொல்லவில்லை. எவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது, இன்று காலை அவள் கடிதத்தில் படிக்கிற வரைக்கும் எனக்கே அது மறந்து போயிருந்தது.

நாராயணப்பன்